ஒரு ரூபாய்க்கு எவ்வளவு சத்து? குமரி மாவட்டத்து அடுக்களைக் கணக்கு

மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போது நம் வீடுகளில் முதலில் காணாமல் போவது மீன். அடுத்தது பழம். அப்புறம் பயறும் முட்டையும். சோறு மட்டும் குறைவதில்லை. சொல்லப்போனால் ஒரு அகப்பை கூடத்தான் விழும். புளிக்கறியில் தண்ணீர் கூடும், துவரனுக்கு (காய்ப் பொரியலுக்கு) பதில் ஊறுகாயோ பப்படமோ வந்து உட்காரும். வயிறு நிறைந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும்.

இதை அனுபவித்துப் பழகியதால்தான் ‘சத்தா சாப்பிடணும்னா காசு வேணும்’ என்று சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. வயிற்றை நிறைக்கும் செலவு ஒன்று, உடம்புக்குச் சத்து சேர்க்கும் செலவு இன்னொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கணக்குப் பார்ப்பதால்தான் குழப்பம். வயிற்றை நிறைக்கும் அரிசி, தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, கையிலிருந்து போகும் காசில் பெரும்பகுதி இரண்டாவது செலவுக்குப் போக வேண்டும். நடப்பது நேர்மாறு. நல்ல அரிசி, எண்ணெய், சீனி, சாயாத்தூள், பிஸ்கட் என்று பட்டியல் போட்டு வாங்கிவிட்டு, மிச்சம் இருந்தால் மீன் என்கிறோம்.

உடம்புக்கு என்னதான் வேண்டும்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் தட்டு ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை போன்ற தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டைகள், விதைகளும் உண்டு. பருப்பில் ஒரு பங்கை மீனாகவோ முட்டையாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

இதைப் படித்ததும் மலைப்பு வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பருப்பு மட்டுமே மாதம் 10 கிலோ ஆகிறதே! முழுசாக எட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை. நம் தட்டும் அந்தத் தட்டும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். தானியம் நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. பருப்பும் காயும் பழமும்தான் பள்ளம். காசைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய இடம் அந்தப் பள்ளம்.

சரி, கொட்டுகிற காசு வீணாகாமல் பார்ப்பது எப்படி? கிலோ விலையைப் பார்க்கிற பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். புரதத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், மாதக் கடைசித் தட்டில் முதலில் குறைவது அதுதான். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழே சொல்லும் விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். சிறுபயறு கிலோ 130 ரூபாய் என்றால், அதில் புரதம் சுமார் 230 கிராம். கிராமுக்கு 57 பைசா. காணம் (கொள்ளு) 90 ரூபாய், புரதம் 220 கிராம், 41 பைசா. முட்டை ஆறரை ரூபாய், அதில் 6 கிராம். ஒரு ரூபாய் சொச்சம். பால் லிட்டர் 50 ரூபாய், 32 கிராம், ஒன்றரை ரூபாய். சாளை (மத்தி மீன்) கிலோ 150 என்றால், தலையும் குடலும் போய்ச் சதை 600 கிராம் தேறும், அதில் 110 கிராம் புரதம். ஒரு ரூபாய் 36 பைசா. அதே சாளை நிறையப் பட்டு கிலோ 80க்கு வரும் நாளில் 73 பைசாதான். நெய்மீன் (வஞ்சிரம்) கிலோ 900 என்றால் ஆறு ரூபாய் ஆகிவிடும். நெய்மீனில் ருசி இருக்கிறது, கௌரவம் இருக்கிறது. புரதம் என்று பார்த்தால் சாளையில் இருப்பதைவிட அதில் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை. மீன்கொழுப்பில் இருக்கும் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு சாளையில் நிறையவே உண்டு.

இந்தப் பட்டியலில் எல்லாரையும் தோற்கடிப்பது ரேஷன் துவரம்பருப்புதான். கிலோ 30 ரூபாய், புரதம் 220 கிராம். கிராமுக்கு 14 பைசா. காசு கொடுத்து வாங்குவதில் இந்த விலைக்குப் புரதம் வேறு எங்கேயும் கிடைக்காது. ஆனாலும் ‘வேக நேரமாகுது’ என்று சொல்லி வாங்காமல் விடுகிறவர்களும், வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. முந்தின ராத்திரியே ஊறப் போட்டுவிட்டுக் குக்கரில் இன்னும் இரண்டு விசில் விட்டால் தீர்கிற பிரச்சினை அது.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது எல்லை தாண்டி கேரளத்துக்குப் போகும் கதை நம் மாவட்டத்துச் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது; விற்கிறவர் விற்கட்டும். வீட்டில் சமைக்கிறவர்கள் அந்த அரிசியில் அங்கங்கே வெளுத்த, கொஞ்சம் வேறு மாதிரியான மணிகள் கிடந்தால் அவற்றைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிய வேண்டாம். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை. அரிசி மாவிலிருந்துதான் செய்கிறார்கள். தூக்கிப் போடுவது இலவச மாத்திரையைத் தூக்கிப் போடுவதற்குச் சமம். வடித்த கஞ்சித்தண்ணியையும் கொட்டிவிடாதீர்கள், சில வைட்டமின்கள் அதில்தான் இறங்கியிருக்கும்.

கஞ்சியும் பயறும்

கஞ்சியும் பயறும் ஏழைச் சாப்பாடு என்று பெயரெடுத்தது. ஊட்டச்சத்துக் கணக்கில் பார்த்தால் அதற்குப் பெரிய மரியாதை உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்தது. அதில் லைசின் என்று ஒன்று அரிசியில் குறைவு, பயறில் நிறைவு. மெத்தியோனின் என்று இன்னொன்று பயறில் குறைவு, அரிசியில் ஓரளவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது அடைத்துவிடுகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு என்று வைத்துக்கொண்டால் போதும். தனியாக ஒரு ஸ்பூன் பயறை ஓரத்தில் வைத்துவிட்டு ‘பயறு வச்சாச்சு’ என்பது கணக்கில் சேராது.

பண்ணுவதற்கு வித்தை ஒன்றும் இல்லை. ஆளுக்கு 30 கிராம் சிறுபயறு, அதாவது ஒரு கைப்பிடி, ராத்திரியே ஊறட்டும். காலையில் புதுத் தண்ணீர் விட்டு மலர வேகவைத்து, தண்ணீர் வற்றும்போது உப்பு. நாலு உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு வத்தல், கொஞ்சம் சீரகம், ஒரு பிடி தேங்காய்த் துருவல், எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டுக் கிளறி, கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. தேங்காய் விலை ஏறிக் கிடக்கும்போது அரைப் பிடி போதும், ருசிக்குக் குறைவில்லை. பக்கத்தில் ஒரு நெல்லிக்காயோ பச்சை மாங்காய்த் துண்டோ இருந்தால் ரொம்ப நல்லது. பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. நெல்லிக்காயிலும் மாங்காயிலும் இருக்கும் வைட்டமின் சி அதற்குக் கை கொடுக்கும். சாயா நேர் எதிர். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும், பிறகு சாயா. நம் ஊரில் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மாதம் ரேஷன் துவரம்பருப்பு 1 கிலோ, சிறுபயறு 2 கிலோ, காணம் 1 கிலோ, நிலக்கடலை 1 கிலோ வாங்கினால், கடலை 140 ரூபாய் என்று வைத்து, மொத்தம் 520 ரூபாய் ஆகிறது. நாலு பேருக்கு நாளைக்கு 17 ரூபாய். இதிலிருந்து ஆளுக்கு ஒன்பதரை கிராம் புரதம். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலிருந்து 22 கிராம். ஒரு முட்டை 6. வாங்கும்போது 100 கிராம் எடை இருந்த சாளையிலிருந்து 11. கூட்டினால் 48ஐத் தாண்டிவிட்டது; காயும் கீரையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பயறு, முட்டை, மீன் மூன்றுக்குமாக நாலு பேருக்கு ஒரு நாள் செலவு 100 ரூபாயை ஒட்டி நிற்கிறது. மீனும் முட்டையும் ஒன்றுவிட்ட நாள் என்று வைத்து, இடையில் பயறைக் கூட்டினால் இன்னும் குறையும்.

மீன் வாங்கும் இடம்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு மீன் வாங்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே தோவாளை, பூதப்பாண்டி, குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலிவு மீன் மட்டமான மீன் இல்லை. சாளை, நெத்திலி, காரல், அயிலை எல்லாம் கூட்டமாகப் படுவதால் விலை குறைகிறது. சிறு மீன்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் கால்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. பெரிய மீன் துண்டில் அது இல்லை.

சந்தையில் சிறு மீனை எடை போட்டு விற்பதைவிடக் கூறு வைத்து விற்பது அதிகம். கூறு என்றால் கண்மதிப்பு, கண்மதிப்பு என்றால் பேச்சு.

“எக்கா, இந்தக் கூறு எவ்வளவு?”

“நூறு ரூவா மக்களே. காலைல பட்டது, கண்ணப் பாரு.”

கண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். தெளிந்து, புடைத்திருந்தால் புதுசு. குழிந்து, பால் படர்ந்த மாதிரி இருந்தால் பழசு. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். சாளையின் வயிறு விரலால் அழுத்தினால் உடையக் கூடாது. சாளை சீக்கிரம் கெடும் மீன், அதனால் சாயங்காலம் விலை விழும்போது வாங்குகிறவர்கள் இதை இரண்டு தடவை பார்ப்பது நல்லது. இரண்டு கூறு சேர்த்து எடுத்தால் ‘ரெண்டு மீன் கூட வச்சுத் தாறேன்’ என்பது பெரும்பாலும் தானாகவே வரும்.

வாங்கியதைப் பொரித்தால் எண்ணெயும் செலவு. மீனில் உள்ள நல்ல கொழுப்பில் கொஞ்சம் எண்ணெயோடு போய்விடும். அவியலோ புளிமுளம் என்ற மீன்குழம்போ வைத்தால் சட்டியில் இறங்கியதெல்லாம் குழம்பிலேயே நிற்கும். நெத்திலி அவியலுக்கு மாங்காய், தேங்காய், மிளகாய், மஞ்சள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பொரித்ததுதான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பொரித்துக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது.

கிழங்கு

மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேசாமல் குமரி மாவட்டத்துச் சாப்பாட்டைப் பேச முடியாது. இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் மரச்சீனி சாகுபடிக்கு ஊக்கம் கொடுத்தார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இங்கே பல வீடுகளின் அடுப்பெரியக் காரணம் கிழங்குதான். பஞ்சம் தாங்கிய பயிர் என்ற நன்றி அதற்குச் செல்ல வேண்டும்.

ஆனால் நன்றி வேறு, சத்து வேறு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் 1 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் மாவும். காலையில் கிழங்கு, மதியம் சோறு, ராத்திரி மறுபடி கிழங்கு என்றால் மூன்று வேளையும் மாவுதான். இன்னொன்று, மரச்சீனியில் சயனைடை வெளிவிடும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தோலை முழுக்க உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். குக்கரில் கொஞ்சத் தண்ணீர் விட்டு வற்றவைக்கும் பழக்கம் வேண்டாம். கசக்கும் கிழங்கைத் தூரப் போடுங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் உடம்பு முறித்து வெளியேற்றக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. அவை மீனில் நிறைய உண்டு. கிழங்கும் மீன்கறியும் என்ற ஜோடியை முன்னோர்கள் ருசிக்காகப் பிடித்தார்களோ அனுபவத்தால் பிடித்தார்களோ, விட வேண்டாத ஜோடி அது. கிழங்கும் சாயாவும் என்றால் கதை வேறு.

கீரை, சக்கை, பழம்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் கிடைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கீரைக்குக் காசு கொடுப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. அரை சென்ட் இடம் இருந்தால் முருங்கைக் கம்பு ஒன்றை ஊன்றிவிடுங்கள். 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல்; அதே அளவு பாலில் 120. ஒரு ஆள் ஒரு வேளையில் 100 கிராம் கீரை தின்ன முடியாது என்பதும் உண்மைதான். வாரத்தில் நாலு நாள் ஆளுக்கு ஒரு கைப்பிடி துவரனாகவோ பருப்பில் போட்டோ உள்ளே போனால் சரி. வேலியில் நிற்கும் தவசிக்கீரையும் நல்லதுதான், ஆனால் வேகவைத்து, அளவாக. உடம்பு இளைக்கும் என்று அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள் 1990களில் தைவானில் பலர்.

சக்கை (பலாப்பழம்) காலத்தில் சுளை போக மிஞ்சும் கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். மாங்காயோடு சேர்த்துக் கறி வைக்கலாம், முருங்கைக்கீரையோடு சேர்க்கலாம். கிழங்கைவிட அதில் புரதம் பல மடங்கு. தடியங்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய் எல்லாம் இங்கே மலிவு. வடசேரியிலோ திங்கள்சந்தையிலோ மதியத்துக்கு மேல் போனால் வாடின காயை அள்ளிக் கொடுப்பார்கள். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பழம் என்றால் ஆப்பிள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். வைட்டமின் சி கணக்கில் ஒரு கொய்யா பல ஆப்பிளுக்குச் சமம். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், விலையும் அதற்கேற்ப இருக்கிறது. பெருமை விருந்தாளிக்கு இருக்கட்டும். தினப்படிக்கு பாளையங்கோட்டான் வாழைப்பழமும் பழுத்த பப்பாளியும் போதும்.

காசு ஒழுகும் இடங்கள்

சாயங்காலச் சாயாவும் கடியும் (வடை, பஜ்ஜி மாதிரி) ஆளுக்கு 25 ரூபாய் என்று வையுங்கள். வீட்டில் இரண்டு பேர் அப்படிக் குடித்தால் மாதம் 1500. மேலே சொன்ன பயறு, கடலை மொத்தத்துக்கும் ஆகும் 520ஐப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாயாவை நிறுத்தச் சொல்லவில்லை, கடியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவித்த கடலையோ சுண்டலோ இருந்தால் வடையும் பழபஜ்ஜியும் தானாகக் குறையும். பிள்ளைகளுக்கு என்று வாங்கும் பானப் பொடி டப்பாக்களின் பின்பக்கம் உள்ள அட்டவணையைப் படித்து, புரதம் எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து மேலே செய்த மாதிரி ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் அந்த டப்பாவை எடுக்கக் கை போகாது. கருப்பட்டி நல்லது என்று சொல்லிக் காசைக் கொட்டுவதும் அப்படித்தான். ருசிக்கு வாங்கலாம், ஆனால் அதுவும் சர்க்கரைதான்.

அரசாங்கம் கொடுப்பதை விட்டுவிடவும் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டோடு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள் அங்கன்வாடியில் பதிந்திருந்தால் சத்துமாவு வரும். அதைக் கோழிக்குப் போடாமல் குழந்தைக்குப் புட்டாக அவித்துக் கொடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தப் புரதக் கணக்கைத் தங்கள் டாக்டரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.

கடைசியாக, மீன் விலை ஏறும் காலத்துக்குத் தயாராவது. நம் மாவட்டத்துக்கு மட்டும் இதில் ஒரு விசேஷம் உண்டு. விசைப்படகு மீன்பிடித் தடை கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, கிழக்குப் பக்கம் இருக்கும் சின்னமுட்டத்தில் படகு கரையில் கிடக்கும்போது மேற்குப் பக்கம் கடலுக்குப் போவார்கள். பிறகு மாறும். இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்பது ஜூன் முதல் 14 நாள்தான். அப்போதும் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் கொண்டுவரும் மீன் உண்டு, விலைதான் கூடுதல். மார்ச்சில் நெத்திலி மலிவாகப் படும் நாளாகப் பார்த்து ஒரு கிலோ கருவாடு வாங்கி, நன்றாகக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். சமைக்கும் முன் வெந்நீரில் இரண்டு தடவை அலசினால் உப்பு குறையும். பிரஷர் உள்ளவர்களுக்கு அப்படியும் அது வேண்டாம், அவர்களுக்கு அந்த 14 நாளும் முட்டையும் காணத் துவையலும்.